நத்தை போட்ட உப்பு

அந்தக் காலத்தில் நத்தைக்கு முதுகில் கூடு கிடையாது. வாய் மட்டும் உண்டு, அதுவும் கொஞ்சம் நீளம். குளத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அதுதான் சமையல். சாமிக்குப் படைக்கும் முன் சமைத்தவர் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அளவு தப்பினால் போச்சு. நத்தைக்கு ஒருநாளும் தப்பியதில்லை. அதை அதுவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் தொல்லை.

ஆமையின் மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டும் முன் மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்து. நேரமாகிவிட்டது, கல்லுப்பு சீக்கிரம் கரையாது என்று நத்தை அதை இடிக்கச் சொன்னது. தவளை மாவாக இடித்துக் கொடுத்தது.

"அண்ணே, கல்லுப்புன்னா நடுவுல சந்து இருக்கும். இது பொடி. அதே ஆழாக்கு போட்டா கூடிடாதா?" என்றது தவளை.

"ஆழாக்குன்னா ஆழாக்குதான். எனக்கே அளவு சொல்ல வந்துட்டியா?"

நத்தை தலைதட்டி அளந்து குழம்பில் கொட்டியது.

படையல் முடிந்து பந்தி தொடங்கியது. முதல் கவளத்திலேயே மாப்பிள்ளையின் அப்பா துப்பிவிட்டது. "அவமானப்படுத்தவா எங்களைக் கூப்பிட்டீங்க? எல்லாரும் எந்திரிங்க. கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" மணப்பெண் அழத் தொடங்கியது.

அடுப்புக்குப் பின்னால் கரண்டியோடு நின்ற நத்தைக்கு உடம்பெல்லாம் கூசியது. 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை நீள வாய் திறக்கவே இல்லை.

ஆமைதான் வந்து கைகூப்பியது. "சம்பந்தி, மன்னிக்கணும். உப்பைக் கூடப் போடச் சொன்னது நான்தான். சமையல்காரர் மேல தப்பில்ல."

பெண்ணைப் பெற்றவர் அத்தனை பேர் முன்னாலும் தலைகுனிந்ததும் சம்பந்தியின் மனசு இளகியது. மோர் ஊற்றிச் சாப்பிட்டார்கள். கல்யாணமும் நடந்தது.

எல்லாம் முடிந்ததும் ஆமை அடுப்படிக்கு வந்தது. இப்போது திட்டு விழும் என்று நத்தை நினைத்தது.

"காலையிலேருந்து பட்டினியா நிக்கிறியே, வா, என் பக்கத்துல உக்காந்து சாப்பிடு" என்று ஆமை அதன் தோளைத் தொட்டது.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்ன, நத்தை பின்பக்கமாக நழுவி ஓடியது. சூளையில் சுருண்டு வீணாகிப்போனதென்று குயவன் கரையில் எறிந்திருந்த குட்டிக் கலயத்துக்குள் புகுந்துகொண்டது. ஆமை எவ்வளவோ கூப்பிட்டும் வெளியே வரவில்லை.

அன்று முதல்தான், யாராவது அன்பாகத் தொட்டால்கூட நத்தை கூட்டுக்குள் ஒடுங்கிவிடுகிறது. துளி உப்பு மேலே பட்டாலும் கரைந்தே போகிறது.