சங்கை ஒளித்த கொண்டலாத்தி

மூங்கிலாற்றங்கரைக் காட்டில் விலங்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கணினி இருந்தது. ஆற்றுக்கு மேலே, மேட்டில் உள்ள குகைக்குள் அதை வைத்திருந்தன. திரையைத் தொட்டால் போதும், வேலை நடக்கும். மூக்காலும் தொடலாம், தும்பிக்கையாலும் தொடலாம், அவசரத்துக்கு வாலாலும் தொடலாம்.

திரையில் பெரிய பெரிய படங்கள் இருந்தன. தேன்கூட்டைத் தொட்டால் எந்த மரத்தில் தேன் இருக்கிறது என்று காட்டும். பலாப்பழத்தைத் தொட்டால் எங்கே பழுத்திருக்கிறது என்று சொல்லும். நிலாவைத் தொட்டால் திரையின் வெளிச்சம் குறையும். நடுவில், சிவப்பு நிறத்தில் ஒரு சங்கு. அதைத் தொட்டால் மரங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒன்றாக ஊதும். சங்கு ஊதினால் ஆபத்து, மேட்டுக்கு ஓட வேண்டும். நேற்றுப் பிறந்த முயல்குட்டிக்குக்கூட இது தெரியும்.

கணினிக்குள் இருந்து இதையெல்லாம் நடத்தி வைக்கும் இயங்குதளத்தை எழுதியது ஒரு கொண்டலாத்தி. அதன் பெயர் சிங்காரம். கெட்டிக்காரப் பறவை. ஆனால் கொஞ்சம் அழகுப் பித்து. தலைக் கொண்டையை விரித்து ஆற்றுநீரில் பார்த்துக்கொள்ளாமல் அது ஒரு புழுவைக்கூடக் கொத்தாது.

ஒரு நாள் அது திரையை உற்றுப் பார்த்தது. முகத்தைச் சுளித்தது.

"சே! திருவிழாக் கடை மாதிரி இருக்கிறதே! சிவப்பும் மஞ்சளுமாக! இதை யாராவது அழகு என்பார்களா?"

யாரையும் கேட்கவில்லை. இரவும் பகலும் உட்கார்ந்து புதிய பதிப்பை எழுதியது. ஒரு விடியற்காலையில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டது.

முதலில் வந்தது கரடி. அதற்குக் காலையில் தேன் சாப்பிடாவிட்டால் உலகமே பிடிக்காது. வழக்கம்போல இடது ஓரத்தில் கையை வைத்தது. ஒன்றும் நடக்கவில்லை. திரை முழுவதும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"டேய் சிங்காரம்! தேன்கூட்டைக் காணோமடா!"

"காணாமல் போகவில்லை அண்ணே, இடம் மாறியிருக்கிறது. மேலே மூலையில் மூன்று கோடுகள் தெரிகின்றனவா?"

"மூன்று எறும்பு தெரிகிறது."

"எறும்பு இல்லை அண்ணே, கோடு! அதைத் தொடுங்கள்."

கரடி தொட்டது. அதன் கை முறம் போன்ற கை. கோட்டோடு சேர்த்து அக்கம்பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் தொட்டுவிட்டது. திரை அப்படியே தலைகீழாகத் திரும்பியது.

"இப்போது என்ன செய்வது?"

"ஒரு விரலால் தொட வேண்டும் அண்ணே!"

"எனக்கு ஒரு விரல் மட்டும் தனியாக வராதே!"

அன்று காலை முழுவதும் கரடி தலைகீழாக நின்றுகொண்டு தேனைத் தேடியது. அந்தப் பக்கமாக வந்த முயல்கள் கரடிக்கு ஏதோ நோய் என்று நினைத்து வேப்பிலை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயின.

சாயங்காலம் தேவாங்கு வந்தது. அதற்கு முகத்தில் பாதி கண்தான். திரையைப் பார்த்ததும் "ஐயோ!" என்று இரண்டு கையாலும் கண்களைப் பொத்திக்கொண்டது.

"சிங்காரம்! உச்சி வெயிலைப் பிடித்து உள்ளே அடைத்து வைத்திருக்கிறாயா? நிலா எங்கே?"

"அமைப்புகளுக்குள் போய், தோற்றத்துக்குள் போய், வெளிச்சம் என்பதைத் தொடுங்கள் சித்தி. கண்ணைத் திறந்து பார்த்தால் தெரியும்."

"கண்ணைத் திறந்தால்தானே கூசுகிறது!"

"வெளிச்சத்தைக் குறைத்தால் கூசாது."

"அதைக் குறைக்கத்தானே நிலாவைக் கேட்கிறேன்!"

அடுத்ததாக முள்ளம்பன்றி வந்தது. அது பலாப்பழத்தைத் தேடி மூக்கை நீட்டிய நேரத்தில் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி முளைத்தது. 'புதிய பதிப்பு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?' என்று கேட்டது. கீழே 'ஆம்' என்று ஒன்று. 'பிறகு சொல்கிறேன்' என்று ஒன்று. வேறு எதுவும் இல்லை.

"பிடிக்கவில்லை என்று சொல்ல எங்கே தொட வேண்டும்?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

"அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள் அக்கா. அதனால் அதை வைக்கவில்லை."

முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. கொண்டலாத்தி நல்ல பிள்ளையாகக் குகையின் உச்சிப் பாறைக்குப் பறந்துவிட்டது.

புலம்பல் யானையின் காதுக்குப் போயிற்று. காட்டில் எல்லோருக்கும் அவள் பெரியம்மா. மெதுவாக மேடேறி வந்தாள்.

"சிங்காரம், பழையது நன்றாகத்தானே இருந்தது?"

"பெரியம்மா, புதுசு என்றால் முதலில் அப்படித்தான் இருக்கும். பழகிவிடும்!"

"சரி, சங்கு எங்கே?"

"இருக்கிறது பெரியம்மா, உள்ளே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை தொடுவதற்கு அவ்வளவு பெரிய இடம் எதற்கு? சாம்பல் நிறத்தில் சின்னதாக, நாகரிகமாக மாற்றிவிட்டேன்."

"ஆபத்து நாகரிகமாகவா வரும்?" என்று கேட்டாள் யானை.

கொண்டலாத்தி கொண்டையை ஒரு முறை விரித்துச் சுருக்கிக்கொண்டது. யானை காதை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

பசிக்கு வேறு வழி? விலங்குகள் திட்டிக்கொண்டே பழகின. கரடி ஒற்றை நகத்தை மட்டும் நீட்டப் பழகியது. தேவாங்கு கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவியே வெளிச்சத்தைக் குறைக்கக் கற்றுக்கொண்டது. அந்தப் பெட்டியை மூட ஒரு பெருக்கல் குறி, வெள்ளையில் வெள்ளையாக, வலது மூலையில் ஒளிந்திருப்பதை முள்ளம்பன்றி கண்டுபிடித்தது. கற்றுக்கொண்டபோதெல்லாம் அவை கொண்டலாத்தியின் ஏழு தலைமுறையையும் வாழ்த்தின.

கோடை வந்தது. மூங்கிலாறு நூல்போல மெலிந்துவிட்டது. மணல் குளுகுளுவென்று இருந்ததால் காடே ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. புள்ளிமான்கள் குட்டிகளோடு ஊற்றுத் தோண்டிக் குடித்தன. எருமைக் கன்றுகள் சேற்றில் புரண்டன. கொண்டலாத்தியின் மனைவியும் அங்கேதான் இருந்தது. அப்போதுதான் கூட்டைவிட்டு வெளியே வந்த குஞ்சுகளுக்குப் புழு பொறுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

கொண்டலாத்தி மட்டும் உயரமான பாறையில் உட்கார்ந்து சிறகு கோதிக்கொண்டிருந்தது. தற்செயலாக மலையைப் பார்த்தது. இங்கே சுள்ளென்று வெயில். அங்கே மலைமேல் மையாக இருட்டி மழை. மலையிடுக்கு வழியாகச் செம்மண் நிறத்தில் தண்ணீர் மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தது.

காட்டாற்று வெள்ளம்!

கொண்டலாத்தி மணலுக்கு மேலே பறந்து கத்தியது. "ஊப்! ஊப்! ஓடுங்கள்! வெள்ளம்!"

ஒரு மான் நிமிர்ந்து பார்த்தது. "சிங்காரம் புதுப் பாட்டு எடுத்திருக்கிறான்போல. இதுவும் பழகிவிடும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் வாயை வைத்தது. மற்றவை வெயிலைக் காட்டிச் சிரித்தன.

'சங்கு!' என்று நினைத்தது கொண்டலாத்தி. குகைக்கு அம்புபோலப் பறந்தது. திரையைக் கொத்தியது. பெட்டி முளைத்தது.

'புதிய பதிப்பு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?'

'ஆம்' என்பதைக் கொத்தியது.

'மிக்க மகிழ்ச்சி! ஏன் பிடித்திருக்கிறது என்று சொல்லுங்களேன்!'

"பிடிக்கவில்லை! பிடிக்கவே இல்லை! போய்த் தொலை!" என்று கொண்டலாத்தி அலறியது.

குகையில் பகல் தூக்கத்தில் இருந்த முள்ளம்பன்றியும் தேவாங்கும் விழித்துக்கொண்டன. வாசலில் படுத்திருந்த கரடியும் உள்ளே ஓடி வந்தது.

"என்னடா கூச்சல்?"

"வெள்ளம் வருகிறது! எல்லோரும் ஆற்றில் இருக்கிறார்கள்! என் குஞ்சுகளும் இருக்கின்றன! சங்கு ஊத வேண்டும். என் கண்ணுக்கே எதுவும் தெரியவில்லை!"

யாரும் குத்திக்காட்டவில்லை. அதற்கு நேரமும் இல்லை.

"நகரு!" என்றது முள்ளம்பன்றி. வலது மூலையில் மூக்கை வைத்தது. பெட்டி மறைந்தது. வாசல் வழியே வந்த வெயில் திரையின் வெள்ளையோடு சேர்ந்து பளீரென்று அடித்தது. சாம்பல் எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. தேவாங்கு கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி வெளிச்சத்தைக் குறைத்தது. கரடி தன் பெரிய முதுகால் வாசல் வெயிலை மறைத்துக்கொண்டு, ஒற்றை நகத்தை நீட்டி மூன்று கோட்டைத் தொட்டது. ஒரு நீளமான பட்டியல் திறந்தது.

"இதில் சங்கு எது?"

"சங்கு என்று எழுதவில்லை அண்ணே..."

"பின்னே?"

"ஒலிசார் பொது அறிவிப்பு என்று எழுதினேன்."

"எவனுக்கடா அது புரியும்?"

"கேட்க நன்றாக இருந்தது அண்ணே!" என்று கொண்டலாத்தி அழுதது.

"இதோ!" என்று தேவாங்கு கத்தியது. கரடி தொட்டது. 'உறுதியாக ஊத வேண்டுமா?' என்று திரை கேட்டது.

"ஆம்!" என்று நான்கும் சேர்ந்து கத்தின. கரடியின் நகம் இறங்கியது.

பூ...ம்!

காடே அதிர்ந்தது. மணலில் இருந்தவை மறுபேச்சுப் பேசாமல் மேட்டுக்கு ஓடின. எருமைகள் கன்றுகளை முட்டி முட்டி ஏற்றின. மான்கள் குட்டிகளோடு பாறை பாறையாகத் தாவின. கடைசியாக ஏறியவள் யானை. அவள் பின்கால் மணலைவிட்டு எழுந்தபோது வெள்ளம் வந்து மணலையெல்லாம் விழுங்கியது. சற்று முன்பு மான் குடித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு முழு வேங்கை மரம் சுழன்று போயிற்று.

கொண்டலாத்தி மேடெல்லாம் பறந்து தேடியது. மனைவி கிடைத்தது. குஞ்சுகளும் கிடைத்தன, கடைக்குட்டியைத் தவிர. கொண்டலாத்திக்குச் சிறகு அடிக்கவே மறந்துவிட்டது.

"இதையா தேடுகிறாய்?" என்றாள் யானை. சுருட்டிய தும்பிக்கையைப் பிரித்தாள். உள்ளே கடைக்குட்டி, சேறும் சளியுமாக உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தது.

கொண்டலாத்தி கொண்டையைச் சுருக்கிக்கொண்டு எல்லோர் முன்னாலும் நின்றது. "தப்பு என்னுடையதுதான். இப்போதே எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடுகிறேன்!"

"நில்லடா!" என்று கரடி உறுமியது. "எல்லாவற்றையுமா? அந்த மூன்று கோட்டுக்குள் தேனைத் தேடிப் பழக எனக்கு ஒரு நகமே தேய்ந்துவிட்டது. மறுபடியும் இடத்தை மாற்றினால் உன்னைத் தேன் தடவித் தின்றுவிடுவேன்!"

கொண்டலாத்தி திகைத்துப்போனது. "மாற்றினாலும் கோபம், மாற்றாவிட்டாலும் கோபம்! நான் என்னதான் செய்வது?"

"கேள்" என்றாள் யானை. "அதை ஒன்றைத்தான் நீ இன்னும் செய்யவில்லை."

அன்றிலிருந்து கொண்டலாத்தி ஒவ்வொரு விலங்கின் பக்கத்திலும் போய் உட்கார்ந்தது. அந்த விலங்கு திரையைத் தொடும்போது அலகை மூடிக்கொண்டு பார்த்தது. பேசாமல் இருப்பதுதான் அதற்குப் பெரிய பாடாக இருந்தது. முதல் வேலையாகச் சங்கு நடுவுக்கு வந்தது, முன்பைவிடப் பெரிதாக, முன்பைவிடச் சிவப்பாக. நிலா வெளியே வந்தது. தேன் மூன்று கோட்டுக்குள்ளேயே இருந்தது. முள்ளம்பன்றி கேட்டபடி 'பிடிக்கவில்லை' என்றும் ஒன்று வைத்தாயிற்று.

மழைக்காலம் முடிந்ததும் கொண்டலாத்திக்கு இன்னொரு யோசனை வந்தது. எழுத்தையெல்லாம் சாய்த்து வைத்தால் எவ்வளவு ஒயிலாக இருக்கும்! குகைக்குப் போகக் கிளம்பியது, நின்றது. ஆற்றுமணலுக்கு இறங்கி, அலகால் சாய்ந்த எழுத்துகளை எழுதி, ஓர் எருமைக் கன்றைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னது. கன்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தது. பிறகு பொத்தென்று பக்கவாட்டில் விழுந்தது.

கொண்டலாத்தி மணலில் எழுதியதை அழித்துவிட்டுப் பறந்து போயிற்று.

பலர் புழங்கும் ஒன்றை மாற்ற நினைப்பவர், தம் கண்ணுக்கு அழகா என்று பார்ப்பதற்கு முன்னால் புழங்குகிறவர் கைக்கு எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.