மரகதத்துக்குக் கிடைக்காத மாடி ஜன்னல்

ஒரு ஊர்ல ஒரு வாடகை வீடு. எந்த ஊரு? கும்பகோணம், காவிரிக் கரை. பழைய காலத்து வீடு, மாடியில ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு குடித்தனம். ம் கொட்டுடா கண்ணு, அப்பத்தான் அத்தைக்குக் கதை வரும்.

கீழ் வீட்ல மரகதம்னு ஒருத்தி ஒன்பது வருஷமா குடியிருந்தா. ஜாக்கெட் தைக்கிறவ. அவ ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். மாடி ஜன்னலைத் திறந்தா காவிரி, படித்துறை, அக்கரைத் தென்னை எல்லாம் தெரியும். மாடி காலியானா அது நமக்குத்தான்னு மனசுக்குள்ளயே வெச்சிருந்தா. வீட்டுக்காரம்மா கிட்ட வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கலை.

அப்புறம் மாடி காலியாச்சு. மறுவாரமே லொடலொடன்னு ஒரு சாமான் வண்டி வந்து நின்னுது. சௌந்தரின்னு ஒரு நர்ஸ், கைக்குழந்தையோட எறங்கி நேரா மாடி ஏறிட்டா. மரகதத்துக்கு வயிறு எரிஞ்சுது.

அப்போ என்ன பண்ணினா? "ஜன்னலைத் திறக்காத, குரங்கு வந்து குழந்தையைப் பிராண்டும்"னு பயமுறுத்தினா. சௌந்தரி கம்பி வலை அடிச்சுட்டு ஜன்னலை விரியத் திறந்து வெச்சுக்கிட்டா.

அப்புறம் மரகதம் மாடிக்குப் போற தண்ணிக் குழாயை மூடினா. சௌந்தரி குடத்தைத் தூக்கிட்டு படித்துறைக்குப் போய், தொபுக்குனு முங்கி, ஈரத்தலையோட சிரிச்சுக்கிட்டே வந்தா. மரகதத்துக்கு இன்னும் எரிஞ்சுது. ஒன்பது வருஷத்துல அவ ஒரு நாளும் ஆத்துல முங்கினதில்லை.

தூங்கிட்டியா? ம்... சரி.

மூணாவதா வீட்டுக்காரம்மா கிட்ட போய், "மாடியில திம்திம்னு ஒரே ஆட்டம், கண்ட ஆளுங்க வர்றாங்க"ன்னு பொய் சொன்னா. அந்தம்மா சௌந்தரியைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் சௌந்தரி குழந்தையோட கீழ வந்து நின்னா. "அக்கா, மாசக் கடைசியில போறோம். உங்க மிஷின் கடகடன்னு ஓடினாத்தான் இவ தூங்குவா. புது எடத்துல என்ன பண்ணப் போறாளோ"ன்னா.

மரகதம் தலையைத் தூக்கலை. ஊசி எங்க இறங்குதுன்னே தெரியலை. சௌந்தரி மேல போனதும், செருப்பை மாட்டிக்கிட்டு விறுவிறுன்னு வீட்டுக்காரம்மா கிட்ட போனா.

"நான் சொன்னது பொய்ம்மா. அந்த மாடி மேல எனக்கு ஆசை."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே மரகதம். நீ கேக்கவே இல்லையே"ன்னாங்க அந்தம்மா.

அந்த வார்த்தை அவளைச் சுருக்குனு குத்துச்சு.

திரும்பி வந்து சௌந்தரி கிட்டயும் சொன்னா. குரங்கு, குழாய், பொய், எல்லாத்தையும். "இனிமே நீ போக வேண்டாம், வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க"ன்னா. சௌந்தரி கதவைச் சாத்திக்கிட்டா. ஒரு நாள் பேசலை, ரெண்டு நாள் பேசலை, மூணு நாள் பேசலை. நாலாம் நாள் மாடியில இருந்து குரல் வந்துது.

"அக்கா, கொக்கி தைக்க வேண்டிய ஜாக்கெட்டை எல்லாம் எடுத்துட்டு வாங்க. இங்க வெளிச்சம் நல்லா இருக்கு."

மரகதம் ஏறிப் போய் ஜன்னல் ஓரமா உக்காந்தா. ஆறு சலசலன்னு போய்க்கிட்டு இருந்துது. ஒரு கொக்கிகூட தைக்காம பார்த்துக்கிட்டே இருந்தா.

பொறாமை போயிடுச்சான்னு கேக்குறியா? படி இறங்குறப்ப கொஞ்சம் எரியத்தான் செஞ்சுது. இருந்தாலும் மறுநாளும் ஏறிப் போனா.

கதை கரையேறிடுச்சு. நீயும் கண்ணை மூடு.