சம்பந்தி வீட்டுக் குளிர்

இதை யாரிடம் சொல்வதென்றாலும் வடிவாம்பாளுக்கு முதலில் ஒரு பயம் வரும். தப்பாகச் சொல்லிவிடுவோமோ? சம்பந்தி குணபூஷணம் அவிழ்த்துவிட்டதில் பாதியைக் குறைத்துச் சொன்னால் அது அந்த அம்மாளுக்குச் செய்யும் அநியாயம். முழுசாகச் சொன்னாலோ, கேட்கிறவர்கள் வடிவாம்பாளையே புளுகி என்பார்கள். இருந்தாலும் நடந்தது இதுதான்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம். குடியாத்தத்தில் வடிவாம்பாளின் வீட்டுக்கு மேலே வெறும் காங்கிரீட் தளம். மகள் தேன்மொழி பிள்ளை பெற்று இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. மூன்று மாதம் தாய் வீட்டில் இருந்துவிட்டுப் போவதாகப் பேச்சு. வடிவாம்பாளும் தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, பகலெல்லாம் ஜன்னலைச் சாத்தி, நனைத்த புடவையைக் கட்டித் தொங்கவிட்டு, ஒற்றை மின்விசிறியில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு விசிறியைப் போட்டால் கரண்ட் பில் எகிறிவிடுமே என்று ஒரு கவலை. போடாவிட்டால் பேரனுக்குப் புழுங்குமே என்று இன்னொரு கவலை. இரண்டுக்கும் நடுவில் பேரன் கழுத்தில் வேர்க்குரு வந்துவிட்டது.

போனில் அதைக் கேள்விப்பட்டதுதான் தாமதம். மருமகளையும் பேரனையும் கையோடு கூட்டிப்போக, புருஷனையும் இழுத்துக்கொண்டு வேலூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள் குணபூஷணம்.

பேரன்மேல் பாசம் என்றால் சரி. அங்கே வேலைக்காரி நின்றுவிட்டாள், அதுதான் சங்கதி. தேன்மொழிக்குத் தையல் இன்னும் ஆறவில்லை. போனால் மறுநாளே கையில் குடமும் துடைப்பமும் வந்துவிடும். வடிவாம்பாளுக்கு எல்லாம் தெரியும், நாக்குத்தான் எழவில்லை. பிள்ளைக்கு வேர்க்குரு வரவிட்டவள் என்னத்தைப் பேச?

"என்ன அண்ணி, இது வீடா அடுப்பா?" குணபூஷணம் முந்தானையால் விசிறிக்கொண்டாள். "எங்க வீட்டை வந்து பாருங்க. ஏசியைத் தொடறதே இல்ல. ஃபேன் ரெக்கையில சிலந்தி கூடு கட்டிக் குடும்பம் நடத்துது."

"ஆயுத பூசைக்கு ஏசியைத் துடைச்சுப் பொட்டு வெச்சதோட சரி," என்று தேன்மொழி அம்மா காதில் முணுமுணுத்தாள். "ரிமோட்டு பீரோவுக்குள்ள."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"மாடிக்குச் சுண்ணாம்பு நானும்தான் அடிச்சேன். ஆனா கடுக்காயும் முட்டை வெள்ளையும் கலந்து அடிச்சேன். வெயில் வந்து விழுந்தா கண்ணு கூசித் திரும்பி ஓடிடும். ஓடறது நேரா எதிர்வீட்டு மேல விழுது! அவங்க கொடியில போட்ட வேட்டி கருகிப்போச்சுன்னு ஒரே சண்டை. இல்லைங்களா?"

"ம்," என்றார் அவள் புருஷன். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒற்றை எழுத்திலேயே குடித்தனம் நடத்தி வருகிறவர்.

குழந்தையைக் குளிப்பாட்ட வந்திருந்த பக்கத்து வீட்டு ரஹ்மத்தக்கா, எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டியிருக்கேன். ஒரு சொம்பு தண்ணி தெளிச்சாப் போதும். பாலைக் காய்ச்சி வெச்சுட்டு இப்படித் திரும்பறேன், கல்லு மாதிரி நிக்குது! சுத்தியலால தட்டித்தான் காப்பிக்குப் பால் எடுக்கறேன்."

"அப்ப ஃப்ரிட்ஜை வித்துடலாமே?" என்றாள் ரஹ்மத்தக்கா.

"வித்துட்டுக் குளிர் காய எங்கே போறது? வீட்டுலயே அதுக்குள்ளதான் கொஞ்சம் கதகதன்னு இருக்கு. விடியக்காலையில நானும் இவரும் அதைத் திறந்து வெச்சுக் கையைக் காட்டிக்கிட்டு நிப்போம்."

"ம்."

"கரண்ட் பில்லு?" ஆசையை அடக்க முடியாமல் வடிவாம்பாளே கேட்டுவிட்டாள்.

"பில்லா! மீட்டர் பின்னாடி ஓடுது அண்ணி. ரீடிங் எடுக்க வந்தவருக்குப் பல்லு தந்தியடிக்குது. பேனாவுல மசி உறைஞ்சுபோச்சு. 'அம்மா, தெரு விளக்கெல்லாம் உங்க புண்ணியத்துலதான் எரியுது'ன்னு கும்பிட்டுட்டுப் போறாரு."

"இவ்வளவு இருக்கையில சனங்க ஏன் ஊட்டிக்கு ஓடுது?" ரஹ்மத்தக்கா விடவில்லை. "உங்க வீட்டுக்கே வந்துடலாமே."

"வந்தாங்களே! இவரோட சிநேகிதர் குடும்பம். ஊட்டியிலேயே பொறந்து வளந்தவங்க. ராத்திரி கூடத்துல படுத்தாங்க. விடியறதுக்குள்ள மூக்கெல்லாம் நீலம்! 'இப்படிக் குளிரை எங்க ஊர்ல பார்த்ததில்ல, உசுரோட விடுங்க'ன்னு முதல் பஸ்ஸுக்கு ஓடிட்டாங்க. கூடம் பூரா பனிமூட்டம். இவர் எங்கே படுத்திருக்கார்னு குரல் குடுத்துத்தான் கண்டுபிடிச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டு மருமகள் பக்கம் திரும்பினாள். "துணிமணியை எடுத்து வைம்மா. வெயில் ஏறறதுக்குள்ள கிளம்பணும்."

வடிவாம்பாள் மார்பில் கை வைத்தாள்.

"அய்யய்யோ அண்ணி! நல்ல வேளை சொன்னீங்க. இவ பச்சை உடம்புக்காரி. காத்துப் படக்கூடாதுன்னு காதுல பஞ்சு அடைச்சுத் தலையில துணி கட்டி வெச்சிருக்கேன். ஊட்டிக்காரங்களுக்கே மூக்கு நீலமாச்சுன்னா இவளுக்கு ஜன்னி வந்துடாதா? அந்தப் பனிமூட்டத்துல குழந்தையை எப்படித் தேடறது?"

"குரல் குடுத்தாலும் அதுக்கு 'ம்' கொட்டத் தெரியாதே," என்றாள் ரஹ்மத்தக்கா.

குணபூஷணத்தின் முகம் வேர்த்துக் கொட்டியது. "அது... அவ்வளவு குளிர்னு இல்ல அண்ணி. உள் அறையில சுமாராத்தான் இருக்கும்."

"சுமார்னா?"

"கொஞ்சம்... வெதுவெதுப்பா."

அப்போதுதான் அந்தப் புருஷன் வாயைத் திறந்தார். மனைவிக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்திருப்பார், பாவம். "ஆமாம் சம்பந்தி, பயப்படாதீங்க. நேத்து ராத்திரிகூடப் புழுக்கம் தாங்காம மொட்டை மாடியிலதான் படுத்தோம். அங்கேயும் தூக்கம் வரல."

குணபூஷணம் பார்த்த பார்வையில் அவர் மறுபடி பழைய எழுத்துக்கே திரும்பிவிட்டார்.

"குளிர்னா ஜன்னி, புழுக்கம்னா வேர்க்குரு," என்றாள் வடிவாம்பாள். "ரெண்டுல எதுக்கு அண்ணி என் பொண்ணை அனுப்பட்டும்? நீங்களே சொல்லுங்க."

குணபூஷணம் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த வாரம் பையனை அனுப்பறேன்," என்று முறைத்துவிட்டுப் போனாள்.

வடிவாம்பாள் வாசல்வரை போய்ப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலூர் போய்ச் சேர்வதற்குள் அந்த வாய் தன் வீட்டைக் குளிரும் புழுக்கமும் இல்லாத எந்தப் பதத்துக்கு மாற்றி வைக்குமோ, யார் கண்டது? அவர்கள் தெருமுனை திரும்பியதும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, கல்லான பால் முதல் ஊட்டிக்காரர் மூக்கு வரை ஒப்பித்தாள்.

"எங்கம்மாவா சொன்னாங்க?"

"அவங்க வாயாலதான் மாப்பிள்ளை."

"சரி அத்தை. மூணு மாசமும் அங்கேயே இருக்கட்டும்."

அதோடும் அவளுக்கு மனசு ஆறவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தேன்மொழியின் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, ஏணியைக் கொண்டுபோய் ரஹ்மத்தக்கா வீட்டில் சாத்திவிட்டு வந்தாள்.