கோலத்துல ஒரு கருப்புப் புள்ளி

போர்வையை மூக்கு மேல இழுத்துக்காதேன்னா கேக்குறியா எலக்கி? இருக்குற சளிக்கு மூச்சு முட்டப்போகுது. மழை விடுற வரைக்கும் ஒரு குட்டித் தூக்கம் போடு. பெரியம்மா கதை சொல்றேன். 'ம்' கொட்டணும், இல்லேன்னா நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு மாவுக்காரி இருந்தாளாம். பேரு செண்பகவல்லி. விடிஞ்சதும் இட்லி மாவு பாக்கெட்டையெல்லாம் பழைய பைக்குல கட்டிக்கிட்டு, டபடபடபன்னு வீடு வீடா குடுத்துட்டு வருவா. அப்புறம் ஒரு தடவை ஒரு மாசம் அம்மா வீட்டுக்குப் போயிட்டா. வண்டி வாசல்லயே சும்மா நின்னுச்சு. திரும்பி வந்து ஓட்டினா, இஞ்சினுக்கு அடியில சொட்... சொட்... சொட்... ஒரே ஆயில். உன் மூக்கு மாதிரியேதான். சிரிக்காத.

ம்.

அவ வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா பேரு குஞ்சம்மா. அவங்களுக்குக் கோலம்னா உசுரு. செண்பகம் காலையில வண்டிய எடுத்ததும் அந்த இடத்துலதான் கோலம் போடுவாங்க. பதினஞ்சு வெள்ளைப் புள்ளி வெச்சா, பதினாறாவதா ஒரு கருப்புப் புள்ளி நிக்குது! கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு.

"ஏ செண்பகம்! வர்ற ஞாயித்துக்கிழமையும் என் கோலத்துல கருப்புப் புள்ளி விழுந்துச்சுன்னா, வண்டியும் வேணாம், நீயும் வேணாம். வேற வீடு பாரு!"

பாவம் அவ. கிரைண்டரைத் தூக்கிக்கிட்டு எங்க போவா?

செயின் ஓடுற சின்னப் பல்சக்கரத்துக்குப் பின்னால, ரப்பர் வளையம் ஒண்ணு இருக்கும். ஆயில் சீலுன்னு பேரு. ஆயிலை வெளிய விடாம புடிச்சு வெக்கிறது அதுதான். அது போயிருச்சுன்னு நெனச்சு, வியாழக்கிழமை சாயங்காலம் அவளே புதுசு ஒண்ணு வாங்கியாந்து போட்டா. அப்போ 'ங்ஙொய்ய்ய்'னு ஒரு குளவி அவளைச் சுத்துச்சு. "போ அந்தாண்ட"ன்னு வெரட்டிட்டா.

காலையில பாத்தா, சொட்! சீல்ல எழுத்து இருக்குற பக்கம் வெளிய தெரியணும். இவ உள்பக்கமா திருப்பிப் போட்டுட்டா. அவசரக் குடுக்கை.

வெள்ளிக்கிழமை இன்னொரு சீல். இந்தத் தடவை பக்கம் சரி. ஆனா சக்கரத்தைக் கழட்டினா அந்தத் தண்டுல கூர் கூரா பல்லு இருக்குமா, அது ரப்பரோட உதட்டை 'சர்ர்க்'னு கிழிச்சுருச்சு. மறுபடியும் ங்ஙொய்ய்ய். மறுபடியும் சொட்!

ம்... அப்புறம்?

அப்புறம் சனிக்கிழமை, மூணாவது சீல். வளையல்காரர் இறுக்கமான வளையலை எப்படிப் போடுவாரு? கையில பிளாஸ்டிக் கவரை மாட்டி வழுக்கி விடுவாருல்ல? அதே மாதிரி மாவு கவரைத் தண்டுல சுத்தி, ஆயில் தடவி, சீலை வழுக்கி உள்ள விட்டா. கவரை உருவிட்டு, சீலைச் சுத்திச் சுத்தி மெதுவா, டொக் டொக்னு தட்டி ஏத்தினா. கச்சிதம்! ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து எட்டிப் பாத்தா... சொட்!

அழுகையே வந்துருச்சு அவளுக்கு. ஆனா அழுதுகிட்டே உத்துப் பாத்தா. சீல் கிழியல. கண்ணு பிதுங்கின மாதிரி வெளிய தள்ளிக்கிட்டு நிக்குது. 'உள்ளேர்ந்து யாரு தள்றா இதை?'

அப்போ திரும்பவும் ங்ஙொய்ய்ய். இந்தத் தடவை வெரட்டல. எங்கதான் போகுதுன்னு பாத்தா. இஞ்சின் மேலேர்ந்து ஒரு ரப்பர் குழா கிளம்பி பின்னால தொங்கும். குளவி அதோட வாய்க்கிட்டயே சுத்துது. குழாயைக் கழட்டி ஊதினா, ம்ஹூம், காத்தே போகல. உள்ள மண்ணு! அவ ஊர்ல இல்லாத அந்த ஒரு மாசத்துல குளவி வீடு கட்டிருச்சு. குஞ்சு பறந்து போயி வெறும் கூடுதான் இருந்துச்சு.

இஞ்சின் மூச்சு விடுற வழியே அதுதான். அது அடைச்சுக்கிட்டா உள்ள இருக்குற காத்து எங்க போகும்? சீலைத் தள்ளுது, ஆயிலும் வருது.

அப்புறம் என்ன? மண் அடைச்ச நுனிய மட்டும் 'கறுக்'னு வெட்டிட்டு, மீதிக் குழாயை மாட்டினா. சீலையும் உள்ள தட்டினா. வண்டி 'அப்பாடா'ன்னு மூச்சு விட்டுச்சு.

ஞாயித்துக்கிழமை குஞ்சம்மா தரையை ரெண்டு தடவை குனிஞ்சு பாத்தாங்க. புள்ளி வெச்சாங்க. பதினஞ்சும் வெள்ளை. நிமிந்தா, மதில் ஆணியில அந்த வெட்டின குழாய்த் துண்டு தொங்குது.

"இது என்னடி?"

"குளவிக்குத்தான் அக்கா. கூட்டை அப்படியே மாட்டி விட்டுட்டேன். வேற வீடு பாருன்னு அதுக்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

குஞ்சம்மா மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டுப் போயி, அந்தக் குழாய்க்குக் கீழயும் ஒரு சின்னக் கோலம் போட்டாங்க.

மாவு தீந்துச்சு, கதையும் தீந்துச்சு. எலக்கி?... 'ம்' காணோம். பாரு, போர்வை திரும்ப மூக்கு மேல. எடுத்து விடுறேன். ஆங்... மூச்சு விட்டுக்கிட்டுத் தூங்கு தாயி.