கரடி எண்ணாத முட்கள்

ஒரு காட்டில் ஒரு சந்து இருந்தது. இரண்டு பக்கமும் மூங்கில் அடர்ந்து, மேலே வளைந்து பின்னிக்கொண்டு, பட்டப்பகலிலும் இருட்டிக் கிடக்கும் சந்து. அதன் அந்தப் பக்கம் ஒரு பெரிய அத்திமரம். இந்தப் பக்கம் விலங்குகளின் வளைகளும் புதர்களும். பழம் தின்ன வேண்டுமா? சந்து வழியாகத்தான் போயாக வேண்டும். வேறு வழி கிடையாது.

அந்தச் சந்துக்குள் ஒரு நாள் சருகுமான் போனது. திரும்பி வரவில்லை. பிறகு ஒரு காட்டுக்கோழி போனது. அதுவும் வரவில்லை. போன வாரம் முயலின் தங்கை போனது.

அதற்குப் பிறகு எல்லாரும் சந்துக்குள் ஓட்டமாகத்தான் போனார்கள். காற்றடித்து மூங்கிலோடு மூங்கில் உரசிக் 'கிறீச்' என்றால் போதும், மானுக்கு நான்கு காலும் நடுங்கும். மயில் தோகையைச் சுருட்டி வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். மரத்தடிக்கு வந்து சேர்ந்ததும், "அப்பாடா, இன்றைக்கு நாமில்லை" என்று பழம் தின்னத் தொடங்கிவிடும்.

காவல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அந்தக் காட்டுக்குக் காவல் கரடி. அது எப்போதும் ஒரு கறையான் புற்றடியில் உட்கார்ந்து கறையானை உறிஞ்சிக்கொண்டிருக்கும். புற்றை விட்டு எழுந்திருப்பது அதற்குப் பிடிக்காது. யார் புகார் கொண்டுவந்தாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்.

"காயம் எங்கே?"

இருவர் வந்தால் இருவருடைய காயத்தையும் எண்ணும். யாருக்குக் காயம் அதிகமோ அவர் பக்கம் நியாயம். முடிந்தது வழக்கு.

சருகுமான் காணாமல் போனபோது மான்கள் புற்றடிக்குப் போய் அழுதன. கரடி கேட்டது: "சருகுமான் வந்து காயத்தைக் காட்டியதா?"

"அதுதான் வரவே இல்லையே ஐயா!"

"காயம் இல்லை, குற்றமும் இல்லை. போங்கள், போங்கள்."

ஒரு மாலை, வெயில் சாயும் முன்பே வீடு திரும்பிவிட வேண்டும் என்று ஒரு முள்ளம்பன்றி சந்துக்குள் நுழைந்தது. அது அதிகம் பேசாது. பேசத் தொடங்கினால் நிறுத்தாது. பாதிச் சந்து தாண்டியிருக்கும். மூங்கில் கிறீச்சிட்டது. ஆனால் காற்று அடிக்கவில்லை.

முள்ளம்பன்றி நின்றது. அதன் முட்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. "யாரது?" என்றது. ஒரு அடி வைத்தது. பின்னால் யாரோ ஒரு அடி வைத்தார்கள். நின்றது. பின்னால் இருந்தவரும் நின்றார்.

ஓடத் தொடங்கியது முள்ளம்பன்றி. அதற்குக் குட்டைக்கால். எவ்வளவு ஓட முடியும்? பின்னாலிருந்து ஏதோ முதுகின் மேல் விழுந்தது. அனலாக ஒரு மூச்சு கழுத்தில் பட்டது.

முள்ளம்பன்றி மூன்று முறை அலறியது.

அத்திமரத்தடியில் எல்லாருக்கும் கேட்டது. எல்லாருடைய வாயும் மெல்லுவதை நிறுத்தியது. மான் மயிலைப் பார்த்தது. மயில் குரங்கைப் பார்த்தது. குரங்கு கையிலிருந்த பழத்தைப் பார்த்தது. பிறகு எல்லாரும் மறுபடி மெல்லத் தொடங்கினார்கள்.

நான்காவதாகக் கேட்ட அலறல் முள்ளம்பன்றியுடையது அல்ல.

மறுநாள் காலை சிறுத்தை முகமெல்லாம் முள்ளாகப் புற்றடிக்கு வந்து சேர்ந்தது. நொண்டிக்கொண்டே வந்து, வலது முன்னங்காலை மார்புக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

கரடி பதறிப் போனது. "அடடா! வாங்க தம்பி, வாங்க. யார் செய்த வேலை இது?"

"நான் பாட்டுக்குச் சந்து ஓரமாக நின்றுகொண்டிருந்தேன் ஐயா. அந்த முள்ளம்பன்றி வந்தாள். என்னைப் பார்த்தாள். குத்திவிட்டுப் போய்விட்டாள்."

கரடி எண்ணியது. மேலுதட்டில் நான்கு. தாடையில் ஐந்து. மூக்கில் இரண்டு. மொத்தம் பதினொன்று.

முள்ளம்பன்றியை இழுத்து வந்தார்கள். வேடிக்கை பார்க்கக் காடே கூடியது. கரடி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"ஏய், உன் காயம் எங்கே?"

"எனக்குக் காயம் பட்டிருந்தால் நான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன் ஐயா. சருகுமான் எங்கே இருக்கிறதோ அங்கே இருப்பேன்."

"எதிர்ப்பேச்சு வேண்டாம். காயம் உண்டா, இல்லையா?"

"இல்லை."

"அவ்வளவுதான்." கரடி கூட்டத்தைப் பார்த்தது. "இவளிடம் முள் இருப்பதால்தானே குத்துகிறாள்? உச்சிவெயில் ஏறுவதற்குள் எல்லா முள்ளையும் பிடுங்கிவிடுங்கள். குரங்குகளே, உங்களுக்குப் பேன் பார்க்கிற விரல். நீங்களே செய்யுங்கள்."

முள்ளம்பன்றி தன் முதுகைத் திரும்பிப் பார்த்தது. முள் இல்லாமல் அந்தச் சந்து வழியாக நாளைக்கு எப்படிப் போவது? நாளைக்கு என்ன நாளைக்கு, இன்றைக்குப் பசித்தால்?

அது கூட்டத்தைப் பார்த்தது. யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா?

சொன்னார்கள்.

"சாயங்கால வேளையில் தனியாகச் சந்துக்குள் இவளுக்கு என்ன வேலை?" என்றது மயில். அந்தச் சாயங்கால வேளையில் மயிலும் சந்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

"முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நடந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?" என்றது குரங்கு.

"நமக்கு எதற்கு வம்பு? சிறுத்தை பெரிய இடம். காதில் விழாத மாதிரி நில்லுங்கள்," என்று மான் தன் குட்டிகளிடம் சொன்னது.

முள்ளம்பன்றி கரடியிடம் திரும்பியது. "ஐயா, எண்ணினீர்கள். சரி. ஒன்று மட்டும் கேட்கிறேன். என் முள்ளெல்லாம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?"

"பின்பக்கம்."

"அவர் உடம்பில் எங்கே குத்தியிருக்கிறது?"

"வாயைச் சுற்றி."

"பிறகு? என் முதுகு போய் அவர் வாயில் நுழைந்ததா, அவர் வாய் வந்து என் முதுகில் விழுந்ததா?"

கரடி உறிஞ்சுவதை நிறுத்தியது.

சிறுத்தை சிரித்தது. "ஐயாவுக்குத் தெரியாததா? கோபம் வந்தால் முள்ளம்பன்றி பின்னோக்கி ஓடி வந்துதானே இடிக்கும்? அப்படித்தான் ஓடி வந்து என் முகத்தில் இடித்தாள்."

"அதுவும் உண்மைதான். முள்ளம்பன்றிகள் அப்படிச் செய்வதை நானே பார்த்திருக்கிறேன்," என்றது கரடி. கறையானை மறுபடி உறிஞ்சத் தொடங்கியது. "யாராவது கண்ணால் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் வேலையை ஆரம்பியுங்கள்."

பார்த்த ஒருவர் அங்கே இருந்தார். முயல்.

நேற்று மாலை முயல் சந்தின் வாயில் ஒரு புதருக்குள் இருந்தது. தங்கை போன நாளிலிருந்து அது தினமும் அங்கே வந்து உட்கார்ந்து சந்துக்குள் பார்த்துக்கொண்டே இருக்கும். அது காட்டில் எல்லாருக்கும் தெரியும். எல்லாவற்றையும் அது பார்த்தது. ஓடிப்போய் யாரிடமும் சொல்லவில்லை. அதன் கால்கள் எழவில்லை.

முள்ளம்பன்றி முயலைப் பார்த்தது. சிறுத்தையும் முயலைப் பார்த்தது. பார்த்து, நாக்கால் மெதுவாகக் கீழுதட்டைத் தடவிக்கொண்டது.

"என்ன முயலாரே, ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று சிறுத்தை கேட்டது.

"நான்... நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்," என்றது முயல்.

குரங்குகள் முள்ளம்பன்றியைச் சூழ்ந்துகொண்டன. ஒரு கிழட்டுக் குரங்கு முதல் முள்ளைப் பிடித்து இழுத்தது. 'சட்' என்று ஒரு சத்தம். முள்ளம்பன்றி அலறவில்லை. நேற்று அலறிப் பார்த்தாயிற்று. இரண்டாவது முள். மூன்றாவது. முள் போன இடத்தில் வெளுத்த தோல் தெரிந்தது. அதில் ஒரு பொட்டு ரத்தம்.

இவ்வளவு மெல்லிய தோலா இதற்கு? முயல் பார்த்துக்கொண்டே இருந்தது. அதன் தங்கைக்கும் அப்படித்தான் மெல்லிய தோல். ஒரு முள்கூட இல்லாத தோல்.

சிறுத்தையும் அந்த வெளுத்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"காலைத் தூக்கச் சொல்லுங்கள்," என்றது முயல்.

குரல் அவ்வளவு சின்னதாக வந்தது, யார் பேசியது என்றே யாருக்கும் தெரியவில்லை.

"யாரது?" என்றது கரடி.

முயல் ஒரு அடி முன்னே வந்தது. காது இரண்டும் முதுகோடு ஒட்டிக் கிடந்தன. ஆனால் இப்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது: "முகத்தில் இருப்பதை எண்ணிவிட்டீர்கள் ஐயா. வலது முன்னங்காலைத் தூக்கச் சொல்லுங்கள். அதை அவர் வந்ததிலிருந்து தூக்கவே இல்லை."

"வலிக்கிறது ஐயா," என்றது சிறுத்தை.

"வலித்தால் அதுவும் காயம்தானே. எண்ண வேண்டாமா? தூக்குங்க தம்பி."

"வேண்டாம் ஐயா. பதினொன்றே போதும்."

காயம் போதும் என்று சொன்ன ஒருவரைக் கரடி அதுவரை பார்த்ததில்லை. அது மெதுவாகப் புற்றடியை விட்டு எழுந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு எழுந்ததால் முட்டி இரண்டும் சொடுக்கின. நேரே சிறுத்தையிடம் போய், அதன் முன்னங்காலைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தது.

உள்ளங்காலில் மூன்று முட்கள். ஒரே வரிசையில், அடிவரைக்கும் ஏறி இருந்தன.

"கீழே விழுந்து கிடந்த முள்ளை மிதித்துவிட்டேன்!" என்று சிறுத்தை கத்தியது.

முள்ளம்பன்றி திரும்பியது. முதுகில் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. "விழுந்த முள் தரையில் படுத்துத்தான் கிடக்கும். நீ வந்து மிதிப்பாய் என்று மூன்றும் வரிசையாக எழுந்து நின்றுகொண்டு காத்திருக்காது. நான் ஓடி வந்து உன் முகத்தில் இடித்தேன் என்று வைத்துக்கொள்வோம். அப்போது உன் கால் எங்கே இருந்திருக்க வேண்டும்?"

"தரையில்," என்றது சிறுத்தை, யோசிக்காமல்.

"தரையில் ஊன்றி நிற்கிற காலின் அடியில் என் முதுகு எப்படிப் போனது?"

சிறுத்தை காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தது.

கரடி அந்த மூன்று முட்களையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு கேட்டது. இந்த முறை 'தம்பி' இல்லை.

"சிறுத்தை, முதலில் கையை ஓங்கியது யார்?"

கரடி மறுபடி கேட்டது: "சருகுமான் எங்கே? காட்டுக்கோழி எங்கே? முயலின் தங்கை எங்கே?"

சிறுத்தை தலையைக் குனிந்துகொண்டது.

அவ்வளவுதான், கூட்டம் பொங்கி எழுந்தது. "எனக்கு அப்போதே தெரியும்!" என்று மயில் அகவியது. "கல்லை எடுங்கள்!" என்றது மான். "இவன் நகத்தைப் பிடுங்கு! பல்லைப் பிடுங்கு!" என்று குதித்தது கிழட்டுக் குரங்கு. அதன் ஒரு கையில் பிடுங்கிய முள் இன்னும் இருந்தது. இன்னொரு கை முள்ளம்பன்றியின் முதுகின் மேல் இருந்தது.

முள்ளம்பன்றி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தது. அதே முகங்கள், அதே கைகள்.

"அந்த விரலை முதலில் என் முதுகிலிருந்து எடு," என்றது அது. குரங்கு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டது. "உங்களில் யாரும் பார்க்கவில்லை. பார்க்காமலே என் முள்ளைக் கேட்டீர்கள். இப்போது அவன் நகத்தைக் கேட்கிறீர்கள். நேற்று நான் மூன்று முறை கூப்பிட்டேனே, அப்போது இந்தக் கல்லெல்லாம் எங்கே இருந்தது?"

மான் வாயிலிருந்த கல்லை மெதுவாகக் கீழே போட்டது.

கரடியே சிறுத்தையை ஆற்றுக்கு அக்கரை வரை நடத்திக்கொண்டு போய் விட்டது. இனி இந்தக் கரையில் அதன் காலடி பட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட்டு வந்தது.

அன்று மாலை முள்ளம்பன்றிக்குப் பசித்தது. சந்தின் வாயில் வந்து நின்றது. சிறுத்தை போய்விட்டது என்று அதற்குத் தெரியும். ஆனாலும் கால் உள்ளே போகவில்லை. மூங்கில் கிறீச்சிட்டது. மிச்சமிருந்த முட்கள் எழுந்து நின்றன.

"நானும் வரட்டுமா அக்கா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. முயல்.

"வா," என்றது முள்ளம்பன்றி. "ஆனால் கண்ணை மூடாதே."

இருவரும் உள்ளே போகும்போதுதான் கவனித்தார்கள். சந்து வாயிலில், புற்றும் இல்லாத, கறையானும் இல்லாத வெறுந்தரையில், கரடி உட்கார்ந்திருந்தது. அது வாய்க்குள் முணுமுணுத்தது: "உள்ளே போனது இரண்டு."

இருட்டும் முன்பு இருவரும் திரும்பி வந்தார்கள்.

"வந்தது இரண்டு," என்றது கரடி.

நீதி: காயத்தை எண்ணுவது காவல் ஆகாது, முதலில் ஓங்கிய கை எது என்று கேட்பதே காவல்.