செருப்பைக் கழற்ற இடமில்லாத அரண்மனை

நெடுங்கரை மன்னன் வீரகண்டனுக்கு மூளையைத் தவிர மற்றதெல்லாம் புதிதாக வேண்டும். யவன தேசத்துக் கடற்கரையில் மூன்று மாதம் சுற்றிவிட்டு வந்த நம்பி என்ற சிற்பி அவன் கையில் கிடைத்தான். அப்புறம் கேட்கவேண்டுமா?

“அங்கே இப்போது சுவர் வைப்பதே பட்டிக்காட்டுத்தனம், மன்னா! வீடு எது, வெளி எது என்று தெரியக்கூடாது. வெள்ளைத் தளம், வளைவுகள், நேரே கடல்!” என்றான் நம்பி.

அப்படியே புது அரண்மனையைக் கட்டினார்கள். முதலில் குடிவந்தது கொசு. வெள்ளைத் தளம் வெயிலில் கண்ணைப் பறித்தது. மன்னன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு “ஆகா!” என்றான். சபையும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு “ஆகா!” என்றது. வெட்கங்கெட்ட சபை!

ஒரு குறைதான். கடலை மறைத்துக்கொண்டு நாற்பது மீனவக் குடிசைகள் நின்றன. கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாளே அவற்றை இடித்துத் தள்ளவேண்டும் என்று முன்கூட்டியே உத்தரவாயிற்று.

கருவாடு விற்கும் சடைச்சி, அவையில் வாயை வைத்துப் பிழைக்கும் திருமேனியிடம் ஓடிவந்து அழுதாள். “புள்ளைகளோட எங்க போவோம் சாமி?”

“எங்கும் போகாதே. விசேஷத்தன்று நான் கையைத் தூக்கினால் எல்லாரும் கருவாட்டுக் கூடையோடு வந்துவிடுங்கள்” என்றார் அவர்.

கிரகப்பிரவேசத்தன்று திருமேனி செருப்பைக் கையில் பிடித்தபடியே அங்குமிங்கும் நடந்தார்.

“என்னய்யா கோலம் இது?” என்றான் மன்னன்.

“வாசலில் கழற்றலாமென்று பார்க்கிறேன். வாசலைத்தான் காணோம்.”

நம்பி இளக்காரமாகச் சிரித்தான். “உமக்கு எங்கே புரியும்? கடல் அலைவரை மன்னரின் கூடம்தான்!”

“அப்படியா, மன்னா?”

“அலைவரை என் கூடம்தான்!” என்று மன்னன் மார்தட்டினான்.

திருமேனி கையைத் தூக்கினார். நாற்பது குடும்பமும் திமுதிமுவென்று வந்தது. சடைச்சி பளபளத்த தளத்தில் பாதி காய்ந்த நெத்திலியைக் கொட்டிப் பரப்பினாள்.

“மகராசா, நாங்க இத்தன நாளா ஒங்க கூடத்துலதான் இருந்திருக்கோம், தெரியாமப் போச்சு! வீட்டு ஆளுங்களுக்கு எல போடச் சொல்லுங்க. கூடத்துல வெயில் நல்லா உறைக்குது, ரெண்டு நாள்ல காஞ்சிரும்.”

பாயசத்தில் கருவாட்டு வாடை ஏறியது. காக்கைக் கூட்டம் இறங்கியது. ராணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

“இவர்களை வெளியே துரத்துங்கள்!” என்று மன்னன் அலறினான்.

காவலர்கள் ஓடிவந்து, எந்தப் பக்கம் துரத்துவது என்று தெரியாமல் விழித்தார்கள்.

“தாராளமாகத் துரத்தலாம், மன்னா. வெளி எங்கே இருக்கிறதென்று நம்பி காட்டட்டும்” என்றார் திருமேனி.

நம்பி தென்னையைப் பார்த்தான், மணலைப் பார்த்தான், கடலைப் பார்த்தான்.

அவன் முழியைப் பார்த்த மன்னனுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. செங்கோலாலேயே மணலில் ஒரு கோடு கிழித்தான்.

“இங்கே சுவர் வையுங்கள்! அந்தப் பக்கம் என்றைக்கும் அவர்களுடையது. முதல் கல்லை நம்பி சுமக்கட்டும்! திருமேனி, உமக்கு என்ன வேண்டும்?”

“கிடைத்துவிட்டது, மன்னா” என்ற திருமேனி, கோட்டோரமாகக் குனிந்து செருப்பை வைத்தார். “காலையிலிருந்து கை வலி. இப்போதுதான் வீடு வந்தது.”