மேகத்துக்குக் காவல் நின்ன சிப்பாய்

ஒரு பனிமலையில ஒரு சிப்பாய் இருந்தானாம், பேரு தவசி. 'ம்' கொட்டு, இல்லன்னா கதை நின்னுரும். ஆங், அப்படி. ஊர்ல அவன் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்தணும்? இவன் போகலன்னா புள்ளைக்கு மூளிக் காதுதான். லீவு கெடச்சதும் பெட்டியத் தூக்கிட்டு ஆசையா எறங்குனான் பாரு, பனி பொளந்து சர்ர்ர்ருன்னு உள்ள போயி, தொப்!

எங்க விழுந்தான்? மேகம் மேயுற நாட்டுல. அங்க மேகத்தை ஆடு மாடு மாதிரி வளப்பாங்க. ஆனா ஒரு பூதம் வந்து எல்லாத்தையும் லபக் லபக்குன்னு முழுங்கிருச்சு. கொளம் கெணறெல்லாம் காஞ்சு போச்சு. ஒரே ஒரு குட்டி மேகம்தான் மிச்சம், அதைக் கோட்டைக்குள்ள கட்டிப் போட்டிருந்தாங்க. அந்த நாட்டு ராணி முழங்கால் உசரம்தான் இருப்பா. அழுதுக்கிட்டே சொன்னா: "அண்ணே, இதுவும் போச்சுன்னா எங்க சனம் தண்ணியில்லாமச் செத்துரும். கொஞ்சம் காவல் நில்லுங்க. அப்புறம் நானே உங்கள ஊருக்கு அனுப்பி வெக்கிறேன்."

"சரிம்மா"ன்னு வாசல்ல விறைப்பா நின்னுட்டான். நின்னப்புறம்தான் புத்தி வந்துச்சு. பட்டாளத்துல, மாத்தி விட ஆள் வராமக் காவலை விட்டு நகரக் கூடாது. "எனக்கு அடுத்த டியூட்டி யாரும்மா?"

"யாரும் இல்லண்ணே. எங்க ஆளுங்க பூதம் தும்முனாலே ஓடிருவாங்க."

அடப்பாவி, கேக்காமயே தலையக் குடுத்துட்டானே! காதுகுத்து என்னாவுறது?

அப்போ தொம் தொம்முன்னு பூதம் வந்துச்சு. "நில்! யார் அங்க?"ன்னான் தவசி. பூதம் வெலவெலத்துப் போச்சு. எல்லாரும் ஓடுவாங்களே ஒழிய எவனும் கேள்வி கேட்டதில்ல.

"பூ... பூதம்."

"உள்ள போறதுக்கு பாஸ் இருக்கா?"

"இல்லியே."

"திரும்பி நட!"

போயிருச்சு!

அப்புறம் ராணி வேஷம் போட்டு வந்துச்சு, ஜல் ஜல்னு கொலுசு வேற. "அடையாள வார்த்தை சொல்லுங்க"ன்னான். "ராணிக்குமா?" "ராணியோட பாட்டி வந்தாலும் சொல்லணும்." முழிச்சுட்டுப் போயிருச்சு.

மூணாந்தடவ வேஷமும் இல்ல, கத்தலும் இல்ல. பொத்துன்னு உக்காந்து அழுதுச்சு. "தாகமா இருக்குடா. எவ்வளவு முழுங்குனாலும் அடங்கல."

தவசிக்குப் பாவமாப் போச்சு. "அட மக்கு! மேகத்த முழுங்குனா வெறும் புகைதான் உள்ள போகும். மழையாப் பெய்ய விட்டுல்ல குடிக்கணும்? வாயத் தொற."

ராணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, குட்டி மேகத்த இழுத்துட்டு வந்து கிச்சுக்கிச்சு மூட்டுனான். சோஓஓன்னு மழை! பூதம் மடக் மடக்குன்னு குடிச்சுச்சு, கொளமும் ரொம்புச்சு. அப்புறம் "ஏஏஏவ்"னு ஏப்பம் விட்டுச்சு பாரு, முழுங்குன மேகமெல்லாம் வெளிய வந்துருச்சு!

பூதம் வாயத் தொடச்சுக்கிட்டு, "இனிமே இதுகளை எவனாச்சும் முழுங்க வந்தா?"ன்னு கவலையாக் கேட்டுச்சு.

தவசி அதை மேலயும் கீழயும் பாத்தான். தன் தொப்பியக் கழட்டி அதோட சுண்டு விரல்ல மாட்டி விட்டான். "நீதான்டா அடுத்த டியூட்டி!"

ராணி அவனை மேகத்துல ஏத்தி அனுப்ப, நேரா காதுகுத்து நடக்குற கோயில் வாசல்லயே எறங்குனான். புள்ளைய மடியில வெச்சதும் ஆசாரி குத்துனாரு, வீல்! புள்ளையோட சேந்து மாமனும் அழுதான்.

பூதம் மட்டும் இன்னும் நிக்குது. அதை மாத்தி விட ஆள் வரல. தூங்காத புள்ள எதுவும் இருக்கான்னு தேடுதாம்! கதை கண்ண மூடிருச்சு, நீயும் மூடு.